ரயில் எங்கே மறையும்?

வீட்டில் ஒரு மாதிரி ரயில் அமைக்கப் போகிறேன் என்பவரிடம் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டால், நம் ஊரில் அநேகமாக வரும் பதில் பாம்பன். ஸ்டேஷனைக் கேட்டால் பாலத்தைச் சொல்கிறாரே என்று நான் வாதாடுவதில்லை. யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஹெச்.ஓ. எனப்படும் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்தாலும் 23 மீட்டரைத் தாண்டும். கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். சரி, சுருக்கி 3 மீட்டரில் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் தீராது. பலகை முடிகிற இடத்தில் ரயில் எங்கே போகும்? இரண்டு பக்கமும் கடல். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் மேலே தூக்கும் பகுதி மட்டும் 72.5 மீட்டர், மாதிரியில் 83 சென்டிமீட்டர். ஷோகேஸில் வைக்க அருமையாக இருக்கும். ரயில் ஓட்டிப் பார்க்கத்தான் இடம் இருக்காது.

நாடகத்தில் ராஜா வசனம் பேசிவிட்டு உள்ளே போகிறார். பக்கத் திரைக்குப் பின்னால் அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிப்பது நம் கண்ணில் படக் கூடாது. பட்டால் ராஜா போய்விடுவார், டீ குடிக்கிற ஆள்தான் மிஞ்சுவார்.

மாதிரி ரயிலுக்கும் அப்படி ஒரு பக்கத் திரை வேண்டும். இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய இங்கிலாந்தில் அதை 'சீனிக் பிரேக்' என்கிறார்கள். காட்சி முடிந்து மறைவு தொடங்கும் இடம். மறைவுக்குள் நாலைந்து தண்டவாளம் போட்டு, வந்த ரயிலை நிறுத்தி, இன்ஜினை மாற்றி, மறுபடி அனுப்புவார்கள். அதன் பெயர் 'ஃபிடில் யார்டு'. பார்ப்பவருக்கு அது டெல்லி, அது ஊட்டி, அது எங்கோ ஓர் ஊர். உண்மையில் அட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பலகை.

கடையில் விற்கும் குகை வாயிலை வாங்கி ஓரத்தில் வைத்தால் மறைப்பு ஆயிற்றே என்பீர்கள். ஆகும்தான். ஆனால் நமக்காகவே யாரோ யோசித்துக் கட்டியதுபோல, மறைப்போடு சேர்ந்தே அமைந்துவிட்ட நிஜ ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அதனால் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகை அப்புறம் பாருங்கள். கடைசிப் பெட்டி எங்கே கண்ணை விட்டுப் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கல் குவாரிக்குள் ஒரு ஸ்டேஷன்

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், இங்கிலாந்தின் தென்கோடியில் ஐல் ஆஃப் வைட் என்ற தீவில் இருந்த வென்ட்னர். கடலை நோக்கிச் சரியும் மலைச்சரிவில் அமைந்த ஊர். 1866-ல் ரயில் வந்தபோது, மலையைக் குடைந்துதான் வர முடிந்தது. சுமார் 1,200 மீட்டர் நீளக் குகை. அதிலிருந்து வெளியே வந்தால் ஒரு பழைய கல் குவாரி. அதற்குள்ளேயே ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் மேலே ஸ்டேஷன், கீழே ஊர். பெட்டி படுக்கையோடு இறங்கி, அதே மேட்டில் திரும்ப ஏறியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் மாதிரி செய்பவனின் கண்ணோடு பாருங்கள். ரயில் வர ஒரே வழி, அதுவும் குகை. பின்னால் செங்குத்தான பாறை. அதுவே பின்திரை ஓவியத்தின் வேலையைச் செய்துவிடும். பாறையைக் குடைந்த பொந்துகளில் நிலக்கரி வியாபாரிகள் சரக்கு வைத்திருந்தார்கள். இன்ஜின் கழன்று மறுமுனைக்குச் சுற்றி வருவதற்கான பாயிண்ட்டுகளும் குகை வாய்க்கு அருகிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இடம் போதவில்லை என்று அன்றைய ரயில்வேக்காரர்கள் புலம்பியிருப்பார்கள். அந்த நெருக்கடிதான் நமக்கு வரம். 10 அடிப் பலகையில் பெரிதாக எதையும் வெட்டாமல் ஒரு முழு ஸ்டேஷனையும் கொண்டுவந்துவிடலாம்.

1966 ஏப்ரலில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது தொழிற்கூடங்கள். குகை வழியாகத் தண்ணீர்க் குழாய் போகிறது. வென்ட்னருக்கு ரயில் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் இனி யாராவது மாதிரி செய்துதான் காட்ட வேண்டும்.

மறைப்பு கச்சிதமாக இருந்தும் வீட்டுக்கு ஒத்துவராத ஸ்டேஷன்களும் உண்டு. லண்டன் கிங்ஸ் கிராஸ் அப்படி. 1852-ல் திறந்தது. பிளாட்பாரம் முடிந்த கொஞ்ச தூரத்திலேயே கால்வாய்க்கு அடியில் போகும் கேஸ்வொர்க்ஸ் குகைகள். ரயில் கிளம்பிய சூட்டோடு காணாமல் போய்விடும். ஆனால் எத்தனை பிளாட்பாரம், எவ்வளவு நீள ரயில்! நம் ஊர்க் கணக்கில் சொன்னால், புது மாதிரி எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று ஹெச்.ஓ. அளவில் 27 சென்டிமீட்டர் வரும். 24 பெட்டி கோத்தால் ஆறரை மீட்டர். ரயில் ஹாலில் நின்றால் இன்ஜின் சமையலறையில் இருக்கும். அதனால்தான், மூன்று நான்கு பெட்டி ரயில் வந்து போகும் ஸ்டேஷனையே தேடச் சொல்கிறேன்.

மூன்று நிமிட இருட்டு

மூன்று நான்கு பெட்டி என்றதும் மலை ரயில் ஞாபகம் வருகிறதல்லவா? கால்கா - சிம்லா பாதையில் பரோக் என்று ஒரு ஸ்டேஷன். 33-ம் எண் குகை, நீளம் சுமார் 1,144 மீட்டர். கால்காவிலிருந்து வரும் ரயில் அதிலிருந்து வெளியே தலைநீட்டினால் ஸ்டேஷன்தான். பயணிகள் இறங்கி கட்லெட் சாப்பிட்டுவிட்டு ஏறுவார்கள்.

பரோக் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் இரண்டு பக்கமிருந்தும் தோண்டச் சொல்ல, இரண்டும் சந்திக்காமல் போனதாம். ஒரு ரூபாய் அபராதம் போட்டார்களாம். அவமானம் தாங்காமல் உயிரை விட்டாராம். பின்னர் வேறொரு இடத்தில் தோண்டிய குகைதான் இன்று ரயில் போவது என்று அந்தப் பக்கம் கதை சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, ஸ்டேஷனுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

பரோக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் குகையைக் கடக்க மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மாதிரியில் குகையின் நீளம் ஒரு சாண் போதும். அதற்குப் பின்னால் நம் மறைவு. ஆனால் உள்ளே போன ரயிலை உடனே வெளியே விடாதீர்கள். கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் உள்ளேயே நிறுத்துங்கள். பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் குகை வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பைசா செலவில்லாமல் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் போட்டாயிற்று!

இன்னொரு வசதி: அந்தப் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம், ஹெச்.ஓ. அளவில் 783 ஆகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நம் அகல ரயில் பாதைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1,676 மில்லிமீட்டருக்கு மாதிரியில் 19-க்கு மேல் வேண்டும்; கடையில் இருப்பதோ 16.5.

குகை இருந்தால் போதாது, ரயில் சுற்றிச்சுற்றி வரவும் வேண்டும் என்பவர்களுக்கு இலங்கையின் தெமோதரை. மலையகத்தில் பதுளைக்குப் போகும் பாதை. 1924-ல் பதுளை வரை எட்டியது. எல்ல பக்கமிருந்து வரும் ரயில் தெமோதரையில் நின்று கிளம்பி, மலையை ஒரு வட்டம் அடித்து, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள குகைக்குள் நுழையும். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்து இன்ஜினீயர் விமலசுரேந்திராவுக்கு இந்த யோசனை வந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள் என்பதால், எனக்கு அந்தக் கதையை நம்பத்தான் ஆசை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மலைப்பாதையின் ஏற்றம் 44-க்கு 1. அதே ஏற்றத்தில், 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் போட்டால், ஒரு சுற்றில் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் இறங்கலாம். ஹெச்.ஓ. ரயில் மேல் பலகைக்கு அடியில் நுழைந்து போக அது போதும். ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குள், நிஜத்தின் ஏற்றத்தையே மாற்றாமல், தெமோதரை வந்துவிடுகிறது.

மலையே இல்லாத ஊருக்கு?

தஞ்சைப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வேலை பார்த்த ஸ்டேஷனைத்தான் செய்வாராம், வேறெதுவும் வேண்டாமாம். 8 அடிக்கு ஒன்றரை அடிப் பலகை. கட்டடம், வேப்பமரம், சிமென்ட் பெஞ்சு எல்லாம் தயார். "பேத்தி வந்து பார்த்துட்டு, 'தாத்தா, ரயில் ஏன் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது?'ன்னு கேட்டுட்டா ஐயா. ஓரத்துல ஒரு குகை வெச்சிடலாமா?" என்கிறார்.

வேண்டாம் ஐயா. வயலுக்கு நடுவே குகை வைத்த மாதிரியை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு கட்டடம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் அத்தனை வருஷம் பச்சைக் கொடி காட்டிய ஊரில் மலை முளைத்தால், முதலில் உங்களுக்கே அது உங்கள் ஊராகத் தெரியாது.

சமவெளியிலும் மறைப்பு உண்டு. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுக் கட்டுகிறார்களே மேம்பாலம், அதைவிட நல்ல திரை கிடையாது. தண்டவாளம் அதன் அடியில் போய், தூணுக்கும் நிழலுக்கும் பின்னால் காணாமல் போகும். மேம்பாலம் வராத மீட்டர் கேஜ் காலத்தைச் செய்கிறீர்களா? அப்படியானால் கேட்கீப்பர் குடிசை, அதை ஒட்டி ஒரு புளியமரம், முன்புறம் ஓர் அரிசி ஆலை. ஒரு சின்ன உத்தி: தண்டவாளத்தைப் பலகையின் விளிம்புக்கு நேராகப் போடாமல் லேசாகச் சாய்த்துப் போடுங்கள். அது தானாகவே ஆலைக்குப் பின்னால் நழுவிவிடும். பின்திரையில் வெட்டிய ஓட்டை கண்ணில் படாது. சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, தண்டவாள ஓரத்துச் சீமைக் கருவேலம்கூட உதவும். அந்த மரத்தால் நாட்டுக்கு ஆன ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

பலகை இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. டீப்பாய் உயரம் என்றால் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் பாலத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் பாலம் மறைக்கும். பேத்திக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, போகிற ரயிலின் கடைசிப் பெட்டியை போனில் படம் எடுங்கள். பிளாட்பாரத்தை விட்டு இறங்கக் கூடாது, தண்டவாளத்துப் பக்கம் போகவே கூடாது. பெட்டி மெல்லச் சிறுத்துப் புள்ளியாகிக் கரைந்தால் அந்த ஸ்டேஷன் கடினம். பட்டென்று எதற்குப் பின்னாலாவது போய்விட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, பிளாட்பாரத்தின் இரு முனைக்கும் அருகே பாதையைக் குறுக்கே தாண்டும் சாலை இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலேயே எனக்கு ஒன்று செய்யச் சொன்னால் குன்னூரைச் செய்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரப் பாதையில், பின்னாலிருந்து நீராவி இன்ஜின் தள்ளிக்கொண்டு வரும் ரயில் அங்கே நிற்கும். இன்ஜின் மாறும். ஊட்டிக்குப் புறப்படும்போது ரயில் கொஞ்ச தூரம் வந்த வழியே பின்னால் போய்த்தான் அடுத்த பாதையைப் பிடிக்க வேண்டும். அதாவது வருவதும் போவதும் ஒரே முனையில். இரண்டு முனைக்கு மறைப்புத் தேட வேண்டியதில்லை. ஒரு மலைச்சரிவும் நாலு மரமும் போதும். 12-க்கு 1 என்ற அந்தப் பயங்கர ஏற்றத்தில் மாதிரி இன்ஜின்கள் வழுக்கும். கவலை வேண்டாம், ஏற்றத்தை மறைவுக்குள் தள்ளிவிட்டு ஸ்டேஷனை மட்டும் சமதளத்தில் செய்யலாம். இன்ஜின் மாற்றும் வேலை ஒன்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குக் காணும்.

மறைவுக்குள் எத்தனை தண்டவாளம் போடுவது, உள்ளே நிற்கும் ரயிலைப் பார்க்காமலே எப்படி நிறுத்துவது? அது அடுத்த வாரம்.