ஏரி என்ன, தண்ணீர்த் தொட்டியா?

மெரினா கூட்டம் அலுத்துப்போன சென்னைக்காரர்களுக்கு இப்போது புறநகர் ஏரிக்கரைப் பூங்காக்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் நடைபாதை, பெஞ்சு, சில்லென்று காற்று. ஹாரன் சத்தம் இல்லை. நல்ல விஷயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஏரி என்ன விலை கொடுக்கிறது?

தமிழ்நாட்டு ஏரிக்குப் பள்ளமான பக்கத்தில்தான் கரை. மதகும் கலங்கலும் அங்கேதான். எதிர்ப்பக்கம் மெல்ல மேடாகிக்கொண்டே போகும் நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் அதில் ஏறும், கோடையில் இறங்கும். அந்த முழங்கால் ஆழத் தண்ணீரில்தான் நத்தைகுத்தி நாரையும் மடையானும் இரை தேடும். "ஏரியைச் சுற்றி வாக்கிங் போக வேண்டும்" என்று நாலு பக்கமும் மண்ணைக் கொட்டிச் சிமெண்ட் போட்டால் அது ஏரி இல்லை, தொட்டி! மேட்டில் பெய்த மழை உள்ளே வர வழியில்லாமல் பக்கத்துத் தெருவில் நிற்கும். 2015 டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டார்களா?

ஏரி தனியாக வாழ்வதும் இல்லை. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்குப் போகும், அங்கிருந்து ஏரி ஏரியாகத் தாண்டிப் பள்ளிக்கரணைக்குப் போகும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில் சாக்கடை ஓடினால் அங்கீகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பூங்கா வந்தால்தான் ஆக்கிரமிப்பு நிற்கும், குப்பை கொட்ட மாட்டார்கள்" என்பார்கள். பாதி உண்மை. வேலி அவசியம்தான். ஆனால் அந்த வேலியை ஏரி முழுசாக நிரம்பும் எல்லைக்கு வெளியே போட வேண்டும், தண்ணீருக்குள் நகர்ந்து வந்து போடக்கூடாது. ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதைச் செய்யாமல் இசை நீரூற்றும் செல்ஃபி மேடையும் கட்டுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பவுடர் பூசுகிற கதை.

மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்தான் இல்லை. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் எழும்பியது. அன்றைக்கு ஏரியை வீடு விழுங்கியது. இன்றைக்குப் பூங்காவே விழுங்கினால் அதைவிடக் கேவலம் உண்டா?

நடக்க ஒரு கரை போதும். மீதிப் பக்கங்களை ஏரிக்கே விட்டுவிடுங்கள்.