ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள்

சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் கணினி தேவைப்படுவது பெரும்பாலும் தமிழ் எழுத்துக்காகத்தான். பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிற வேலை. எழுத்து பொடியாகத் தெரிந்தால் பலரும் செய்வது ரெசல்யூஷனைக் குறைப்பது. எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். மானிட்டர் பழசாகிவிட்டது என்று அதன் தலையில் பழியைப் போடுவார்கள். பழி வேறிடத்தில் இருக்கிறது.

ரெசல்யூஷனைக் குறைப்பது குழாய் மானிட்டர் காலத்துப் பழக்கம். அதில் 800 × 600 வைத்தாலும் 1024 × 768 வைத்தாலும் படம் ஏறக்குறைய ஒரே சீராக வரும். இன்றைய தட்டைத் திரையில் புள்ளிகள் நிரந்தரமானவை. 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். அதை 1280 × 720-க்கு இறக்கினால் வந்து சேர்வது 9,21,600 புள்ளிகளுக்கான படம்தான். ஒவ்வொன்றையும் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒன்றரையாக விரித்தாக வேண்டும். அரைப் புள்ளியை எரியவைக்க முடியாதே! பக்கத்துப் புள்ளியின் நிறத்தைக் கலந்து திரை ஒப்பேற்றுகிறது. மங்கல் வருவது இதனால்தான். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும். சுழியும் புள்ளியுமாக நெருங்கி நிற்கும் தமிழ் தாங்காது. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். அது கலங்கிவிட்டால் 'பழனியம்மாள்' 'பழனியமமாள்' ஆகியிருப்பது தட்டச்சு செய்தவர் கண்ணில் படாது. சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்தத்துக்கு மனு எழுத வேண்டியதுதான்.

ரெசல்யூஷனை 'ரெகமண்டட்' என்று காட்டும் அளவிலேயே விட்டுவிட்டு, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவீதமாக்க வேண்டும். அப்போது எழுத்து கூடுதல் புள்ளிகளில் புதிதாக வரையப்படும். ஸ்கேலைக் கூட்டினால் திரையில் இடம் போதவில்லையே என்பார்கள். 1920-ஐ ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், 1280 வரும். ரெசல்யூஷனைக் குறைத்தபோது கிடைத்த அதே இடம், எழுத்து மட்டும் தெளிவு.

பழைய பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்களின் ஆட்சேபத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. ஸ்கேல் என்பதையே அறியாத காலத்தில் எழுதப்பட்டவை அவை. விண்டோஸ் அவற்றின் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவதால் அங்கும் மங்கத்தான் செய்யும். அந்த ஒன்றே முழுநேர வேலை என்றால் ஸ்கேலை 100-லேயே விட்டு, அதே 1920 × 1080 அளவுள்ள 24 அல்லது 27 அங்குல மானிட்டர் வாங்குவது மேல். எப்போதாவது திறக்கும் மென்பொருள் என்றால், அதற்காக மற்ற எல்லா எழுத்தையும் கெடுப்பது நியாயமில்லை.

ரெசல்யூஷன் பட்டியலில் சரியான அளவே வரவில்லை என்றால்? விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டபின் இது சகஜம். கிராபிக்ஸ் டிரைவர் ஏறாமல் 1024 × 768-இல் நின்றுவிடும். அகலத் திரை அந்தப் படத்தை விரித்துக் காட்டும்போது பாஸ்போர்ட் போட்டோவில் ஒல்லியான ஆளுக்கும் கன்னம் ஊதிவிடும். (போட்டோ எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை.) புது மானிட்டருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், கணினி அல்லது மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டுப் பாருங்கள். கணினியைச் சரிசெய்ய வருபவரிடமும் ரெசல்யூஷனைத் தொடாமல் ஸ்கேலைக் கூட்டித் தரச் சொல்லுங்கள்.