வரைவதால் என்ன பயன்?

“முதுநிலை அறிவியல் படிக்கும் உனக்கு இந்தக் கிறுக்கல் எதற்கு?” என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நான் அப்போது உணவுக்கூடத்துத் தண்ணீர்க் குவளையை ஒரு சிறு குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தேன். அவர் கேள்வி நேர்மையானது. விடையும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் சோதனை தொடர்ந்து நான்கு திங்கள் பொய்த்தது. உயிரணுக்களை வளர்ப்பேன், மூன்றாம் நாள் பூஞ்சை படரும், அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவேன். நாளடைவில் நுண்ணோக்கியின் முன் அமர்வதே கசந்தது. வகுப்புக்குச் செல்லாமல் படுத்துக் கிடந்த நாள்களும் உண்டு. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன்.

அந்நிலையில் ஒரு ஞாயிறு மாலை லால்பாகு சென்றேன். 1760-இல் ஐதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தில் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறை ஒன்று இருக்கிறதல்லவா? அதன்மீது அமர்ந்து, ஏனோ பையிலிருந்த பென்சிலை எடுத்து, பாறையின் விரிசல் ஒன்றை வரைந்தேன். அழகாக வந்தது என்று எழுத ஆசைதான். பாறை பூசணிக்காய் போல் இருந்தது! ஆயினும் இருபது நிமிடம் ஒரு பொருளை உற்றுப் பார்த்திருந்தேன். பல வாரங்களாக நான் செய்யாத செயல் அது.

பள்ளியில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம் வரைந்ததோடு நம்மிற் பலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டோம். மதிப்பெண் நின்றது, வரைவதும் நின்றது. நான் அன்று முதல் நாளுக்கொரு படம் வரைகிறேன். செருப்பு, சன்னல், பேருந்தில் உறங்கும் முதியவர் என எதுவாயினும் சரி. ஒருநாள் அந்தப் பூஞ்சையையே அழிக்குமுன் வரைந்தேன். பகைவனாகத் தோன்றியது, வரைந்தபோது பார்க்கத்தக்க பொருளாயிற்று. மறுநாள் ஆய்வகத்துக்குச் செல்ல மனம் மறுக்கவில்லை.

மனச்சோர்வு நோயாக முற்றியவர்க்குப் பென்சில் போதாது. இவ்வூரிலேயே நிமான்சு மருத்துவமனை இருக்கிறது, தயங்காது செல்லவேண்டும். என்னுடையது அவ்வளவு முற்றவில்லை.

நரம்பணுக்களைத் தம் கையாலேயே வரைந்து விளக்கிய ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் 1906-இல் நோபல் பரிசு பெற்றார் என்றால் நண்பர் உடனே இணங்கிவிடுவார். பரிசு என்றால் யார்தான் இணங்கார்? ஆனால் என் வாதம் அதுவன்று. அது எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. என் அன்னையார் நாள்தோறும் விடியுமுன் புள்ளி வைத்துக் கோலமிடுவார். பால்காரரின் மிதிவண்டி அதன்மேல் ஏறும். நண்பகலுக்குள் பாதி அழிந்துவிடும். மறுநாள் வேறு கோலம். இங்கே மல்லேசுவரத்துத் தெருக்களில் ரங்கோலியிடும் கன்னடத் தாய்மாரும் அப்படியே. 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணமாக வகுத்து ஆய்வுரை வெளியிட்டனர். அன்னையார் அதனை அறியார். அறிந்தாலும் மறுநாள் வழக்கம்போல் புள்ளிதான் வைப்பார்.

நம் சங்கம் ஓவியப் போட்டி நடத்தவேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். வேண்டாம் என்பதே என் கருத்து. போட்டி வந்தால் பரிசு வரும். பரிசு வந்தால், வரையத் தெரியாதவர் ஒதுங்கிவிடுவர். இதனால் நலம் பெறவேண்டியவர் அவர்களே அல்லரோ? சனிக்கிழமை மாலை சங்க அறையில் அரைமணி நேரம், மேசைமீது சில பென்சில்களும் தாள்களும் வைத்தால் போதும். எவரும் எவர் படத்தையும் எடைபோட வேண்டா. கேள்வி கேட்ட நண்பரும் வரட்டும். தண்ணீர்க் குவளையை அவருக்கே விட்டுத் தருகிறேன்.