'ஓடாது' வேற, 'ஓட விடமாட்டோம்' வேற!

மக்களே, ஒரே மாடல்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. மதர்போர்டுல நீள ஸ்லாட்டும் ரெண்டு இருக்கு. பவர் சப்ளையும் தாங்கும். ஆனா டிரைவர் மட்டும் எஸ்எல்ஐ கிடையாதுன்னு கையை விரிச்சிடும். ஏன்?

2004-ல் என்விடியா எஸ்எல்ஐயைக் கொண்டுவந்தப்போ அதைத் தன் சொந்த என்ஃபோர்ஸ் சிப்செட்டோட கட்டிப் போட்டுச்சு. 2008-ல் இன்டெல் எக்ஸ்58 போர்டுகளுக்கு வழிவிட்டாங்க, ஆனா போர்டு கம்பெனி லைசென்ஸ் வாங்கணும். வாங்கினவங்க பயாஸ்ல ஒரு சின்ன சாவி இருக்கும். டிரைவர் அதைத் தேடும். இருந்தா உள்ளே, இல்லைன்னா வெளியே. அம்புட்டுதான்!

இதை உடைக்க ஆர்வலர்கள் ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க. 'ஹைப்பர்எஸ்எல்ஐ' அந்தச் சாவி போர்டுலயே இருக்குற மாதிரி விண்டோசுக்குக் காட்டும். 'டிஃபரன்ட்எஸ்எல்ஐஆட்டோ' டிரைவர் கோப்பையே திருத்தி, சோதனையைத் தாண்ட வைக்கும்.

சோதிச்சுப் பார்த்த போர்டுக்குத்தான் அனுமதின்னு கம்பெனி சொல்றது நியாயமாத் தெரியலாம். ஆனா வன்பொருள் தாங்காததால் 'ஓடாது' என்பது வேற, லைசென்ஸ் இல்லாததால் 'ஓட விடமாட்டோம்' என்பது வேற. ரெண்டாவதை முதலாவது மாதிரி காட்டுறதுதான் எனக்கு உறுத்துது. நாம காசு கொடுத்து வாங்கின பொருளை நாமே திருத்துறது தப்பே இல்லை என்பது என் கட்சி.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. டிரைவர் கோப்பைத் தொட்டா அதோட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமப் போயிடும். அப்புறம் செக்யூர் பூட்டை அணைச்சு, விண்டோசை டெஸ்ட் மோடுல ஓட்டணும். அதாவது வாசல் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிடுறோம். கேளம்பாக்கத்துல வீட்டுல உட்கார்ந்தே சிறுசேரி ஆபீஸ் வேலையைப் பார்க்கும் என்னை மாதிரி ஆளுங்க, வங்கிக் கணக்கும் ஆபீஸ் கோப்பும் இருக்கிற மெஷின்ல இதைச் செய்யவே கூடாது. தனி மெஷின் இருந்தா தாராளமா விளையாடுங்க.

இன்னொரு விஷயம். 2021-லிருந்து புது எஸ்எல்ஐ புரொஃபைல் வர்றதை என்விடியாவே நிறுத்திடுச்சு. 2022-ல் வந்த 4090-ல் இணைப்பானே கிடையாது. அதனால கேம் ஆட ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு பழைய கார்டு தேடி அலையாதீங்க. நாலு ஜிபி கார்டு ரெண்டு போட்டாலும் கேமுக்கு எட்டு ஜிபி ஆகாது. பிளெண்டர் ரெண்டரிங், வீட்டிலேயே ஓட்டுற ஏஐ மாடல் இதுக்கெல்லாம் எஸ்எல்ஐயே தேவையில்லை. ரெண்டு கார்டையும் அந்த மென்பொருளே பிரிச்சுப் பயன்படுத்திக்கும்.

பூட்டு போட்டவங்களே கடையைக் காலி பண்ணிட்டாங்க. சாவியை மட்டும் ஏன் இன்னும் ஒளிச்சு வைக்கணும்? பழைய போர்டுகளுக்கு இப்பவாவது திறந்து விடலாமே!

டிஸ்கி: கோப்பைத் தொடும் முன் பேக்கப் எடுங்க சாமியோவ் :)