இருபது நிமிடம் கேட்க வைத்தவர்

ஜெர்மானிய அறிவியல் பத்திரிகையாளரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மாய் தி நுயென்-கிம், தொலைக்காட்சிக்கு முன்பே இணையத்தில் பெயர் பெற்றவர். 1987-இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஹெப்பன்ஹைமில் பிறந்தார். பெற்றோர் வியட்நாமிலிருந்து வந்தவர்கள். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 2015-இல், யூடியூபில் காணொளிகள் வெளியிடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற பொது ஒளிபரப்பு அமைப்புகள் இளைஞர்களுக்காக ‘ஃபுங்க்’ என்ற இணையத் தளத்தை ஏற்படுத்தியபோது அதில் சேர்ந்தார். 2018-இல் அவருடைய சானலுக்கு ‘மாய்லாப்’ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ‘குவார்க்ஸ்’ அறிவியல் நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார்.

அவரை நாடே அறிந்தது 2020 ஏப்ரலில். ‘கொரோனா இப்போதுதான் தொடங்குகிறது’ என்ற பொருள்படும் தலைப்பில், ஏறத்தாழ 20 நிமிடக் காணொளி ஒன்று வெளிவந்தது. ஊரடங்கு எப்போது முடியும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. நோயுற்ற ஒருவர் சராசரியாக மூன்று பேருக்குத் தொற்றைக் கடத்தினால், பரவல் தானாக அடங்குவதற்கு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். எட்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில், மருத்துவமனைகள் தாங்கும் வேகத்தில் மட்டும் தொற்றைப் பரவவிட்டால் அந்த நிலையை எட்ட ஆண்டுகள் ஆகும். ஆகவே தடுப்பூசி வரும்வரை பழைய வாழ்க்கை திரும்பாது. இந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டினார். பொய்யான ஆறுதல் சொல்லவில்லை, பீதியும் கிளப்பவில்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வைகளோடு, அந்த ஆண்டு ஜெர்மனியில் யூடியூபின் முதலிடக் காணொளியாக அது அறிவிக்கப்பட்டது. சானலின் சந்தாதாரர் எண்ணிக்கையும் 10 லட்சத்தைத் தாண்டியது. அக்டோபரில் அவருக்குக் கூட்டாட்சிக் குடியரசின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கிடைத்தது.

இந்தப் புகழை அவருடைய பேச்சுத் திறமை ஒன்றாலேயே வந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஃபுங்க் விளம்பரமில்லாமல் நடப்பது. ஜெர்மானியக் குடும்பங்கள் கட்டும் ஒளிபரப்புக் கட்டணமே அதன் வருவாய். விளம்பர வருமானத்தை எதிர்பார்த்து மூன்று நாளுக்கு ஒன்று வெளியிடும் கட்டாயம் இல்லாததால், ஒரு பொருளை நின்று நிதானமாக ஆராய முடிந்தது. காணொளியின் கீழே ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலும் இருக்கும். ஐயமுள்ளவர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். பார்வையாளரை இதைவிட மதிக்கும் வழி வேறில்லை.

2021-இல் வெளியான அவருடைய நூலும் இதே முறையில் அமைந்தது: போதைப்பொருள் சட்டம், ஆண் பெண் ஊதிய வேறுபாடு, விலங்குச் சோதனை போன்ற சூடான விவாதங்களில் உறுதியானது எது, இன்னும் தெளிவாகாதது எது என்று பிரித்துக் காட்டியது. அது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இசட்.டி.எஃப்.நியோ தொலைக்காட்சியில் அவருடைய ‘மாய்திங்க் எக்ஸ்’ நிகழ்ச்சி தொடங்கியது. தொலைக்காட்சிக்காக எடுத்தாலும் இணையத்திலும் பார்க்கக் கிடைப்பதால், பழைய ரசிகர்கள் அங்கேயும் தொடர்ந்தார்கள். மாய்லாப் 2023-இல் நிறுத்தப்பட்டது.