இருட்டு வேறு, சாவு வேறு

தில்லி நேரு பிளேஸ், சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் ரோடு. ஊரும் மொழியும் மாறினாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைகளின் கவுன்டரில் கேட்கிற புகார் ஒன்றுதான்: "பூட் ஆகவில்லை." புதிய கிராபிக்ஸ் கார்டைச் சொந்தமாக மாட்டிவிட்டு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் எத்தனை நல்ல மதர்போர்டுகள் குப்பைக்குப் போயினவோ!

மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு இந்தச் சொல்லின் மேல் நீண்ட நாள் சந்தேகம். காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் விளிம்பில் தைத்த வாருக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது நடக்காத காரியம். கம்ப்யூட்டர் தினமும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. மின்சாரம் வந்ததும் ஒரு சிறிய புரோகிராம் விழிக்கிறது. அது தன்னைவிடப் பெரியதை எழுப்புகிறது. அது இன்னும் பெரியதை. கடைசியில் விண்டோஸ் கண் விழிக்கிறது. 'பள்ளியெழுச்சி' என்று மொழிபெயர்க்க எனக்கு ஆசை. கலைச்சொல் கமிட்டிகள் சம்மதிக்காது.

இத்தனை படிகளில் எந்தப் படியில் தடுக்கியது என்பதை 'பூட் ஆகவில்லை' சொல்வதில்லை. பட்டனை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை என்பது ஒன்று. ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை என்பது இன்னொன்று. கம்பெனி முத்திரை வந்து, பிறகு திரை இருண்டுவிடுகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. கார்டு மாற்றிய பிறகு வரும் தொல்லை பெரும்பாலும் இரண்டாவது ரகம். அதாவது கம்ப்யூட்டர் சாகவில்லை, இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஓர் இன்ஜினீயரிங் மாணவர். சேர்த்து வைத்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கி, 2019-ல் வாங்கிய தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரை கறுப்பு. கடைக்கு ஃபோன் செய்து "பூட் ஆகலை" என்றார். "மதர்போர்டு போயிருக்கும், எட்டாயிரம் ஆகும், எடுத்துட்டு வாங்க" என்று பதில் வந்தது. "எட்டாயிரத்துக்கு எங்கே போறது அங்கிள்?" என்று முகம் வாடி வந்து நின்றார்.

"கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருப்பா, லைட் எரிஞ்சு அணையுதா?" என்றேன். எரிந்தது, அணைந்தது. போர்டு உயிரோடிருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான சோதனை கிடையாது. கேபினட்டின் பின்பக்கம் பார்த்தால் மானிட்டர் கேபிள் பழைய இடத்திலேயே, மதர்போர்டின் துளையில் செருகியிருந்தது. அவருடைய ஐ5-9400 பிராசஸருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் வசதி உண்டு. அதுவரை படம் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. தனிக் கார்டு வந்ததும் பெரும்பாலான போர்டுகள் அந்த வழியை மூடிவிடும். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றியதும் படம் வந்தது. செலவு பூஜ்யம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பெயரின் முடிவில் 'எஃப்' எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸ் வசதியே கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் கேபிளைச் செருகிச் சோதிப்பவர், படம் வராததைக் கண்டு போர்டு செத்தது என்று முடிவு கட்டிவிடுவார். அங்கே படம் எந்த நாளும் வராது.

மாணவரின் கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தது. இப்போது சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட். 3060 கேட்பது 170. மிச்சத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் எட்டு முனை ஒயர் தர வேண்டும். அந்த ஒயருக்கு 150 வாட் வரை அனுமதி. (அதைச் செருகவே மறந்துவிட்டு, கார்டு டெட் என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.) இந்தக் கார்டுக்கு என்விடியா சிபாரிசு செய்வது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். அவரிடம் இருந்ததில் '450' என்று கொட்டை எழுத்து. அதை நம்பாதீர்கள். கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இவருடையதில் 24. பெருக்கினால் 288 வாட். அதற்குள்தான் கார்டும் பிராசஸரும் குடித்தனம் நடத்த வேண்டும். கேமில் கார்டு கணநேரம் 170-ஐத் தாண்டியும் இழுக்கும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். அங்கே மூர்ச்சை போட்டுவிடும்.

அவர் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். போடும்போது ஒன்று சொன்னேன். கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால் பழையதன் ஒயரைப் புதியதில் செருகக் கூடாது. முனை அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிஜமாகவே சாவு வருவது இந்த வழியில்தான்.

மற்றவை சில்லறை விஷயங்கள். கார்டு ஸ்லாட்டில் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா, மாட்டும் அவசரத்தில் கை பட்டு ரேம் நெகிழ்ந்ததா என்று பாருங்கள். இப்போதைய பல போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. ஸ்பீக்கர் உள்ள பழைய போர்டு ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலியும் எழுப்பினால் அநேகமாகப் படத்தில் குறை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி காலத்துச் சங்கேதம் அது.

முத்திரை வந்து அதன்பின் இருண்டால் பழைய கார்டின் டிரைவர் குறுக்கே நிற்கலாம். சேஃப் மோடில் நுழைந்து அதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். பயாஸில் எதையாவது மாற்றிப் படம் போயிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள ரூபாய் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஹார்டு டிஸ்க்கில் உள்ள கல்யாண போட்டோக்கள் எங்கும் போகாது.

பழைய கார்டு வாங்குவோருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கவலை. எத்திரியம் நாணயத்தின் 'சுரங்கவேலை' 2022 செப்டம்பரில் நின்றது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் உள் பயாஸை உரிமையாளர்கள் தங்கள் வசதிக்குத் திருத்தியிருந்தார்கள். அதனாலும் படம் வராமல் போகலாம். சில மாடல்களில் கார்டின் ஓரத்தில் சிறு சுவிட்ச் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைத் தள்ளினால் இரண்டாவது பயாஸ் வேலைக்கு வரும். எதற்கும் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடைக்காரர்கள் உண்டு. பக்கத்திலேயே இன்னொரு கடை இருப்பதுதான் நேரு பிளேஸின் சௌகரியம்.