மரக்காலைக் காட்டு!

களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும் மிராசுதார் மரக்காலைத் துண்டால் மூடிக்கொண்டு அளந்தால் சும்மா இருப்போமா? "மரக்காலைக் காட்டு, முத்திரை இருக்கிறதா பார்ப்போம்" என்போம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் நாம் கேட்பது அதுதான்.

கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடவேண்டும் என்று எழுதிவைத்த வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். புரோகிராமைத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடு என்பது ஜி.பி.எல். லைசென்ஸ். கம்பெனிகள் ஒரு சந்து கண்டுபிடித்தன. "நாங்கள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லையே! எங்கள் சர்வரில் ஓடுகிறது, நீங்கள் தூரத்திலிருந்து உபயோகிக்கிறீர்கள்" என்றன. மரக்கால் பண்ணை வீட்டுக்குள்ளே, நெல் மட்டும் வெளியே! இந்தச் சந்தை அடைக்கவே 2007 நவம்பரில் அஃபெரோ ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. திருத்திய புரோகிராமை நெட்வொர்க்கில் ஓட்டினால், தூரத்திலிருந்து உபயோகிக்கும் அனைவருக்கும் மூலநிரல் தரவேண்டும் என்கிறது அதன் 13-வது பிரிவு. கூகிள் கம்பெனி இதைத் தன் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பயம் எதற்காம்?

சர்க்கார் என்ன செய்தது? 2020 மே 1, மே தினத்தன்று, தனியார், அரசு ஊழியர் அனைவருக்கும் ஆரோக்கிய சேது செயலி கட்டாயம் என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியபின் மே 26-ல் மூலநிரலை வெளியிட்டது. எதை? செல்போனில் ஓடும் பகுதியை. நம் விவரங்கள் போய்ச்சேரும் சர்வர் பகுதி அன்று வரவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த அப்பாச்சி லைசென்ஸ் அதைக் கேட்பதில்லை. அஃபெரோவேயானாலும், எழுதிய சொந்தக்காரனை அவன் கொடுத்த லைசென்ஸ் கட்டாது. ஆகவே நமக்கு வேண்டியது சர்க்கார் உத்தரவு.

இன்னொரு பித்தலாட்டத்துக்கும் இடமிருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு படம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய் வேலையில் செல்போனைப் பிடிப்பவர் பணித்தளப் பொறுப்பாளர். படத்தில் நிற்பவள் நம் விவசாயக் கூலிப்பெண். இப்படிப்பட்ட செயலி அஃபெரோவின் கீழ் வந்தால் வக்கீல் என்ன வாதிடுவார்? "உபயோகிப்பவர் பொறுப்பாளர்தான், அவளல்ல" என்பார். லைசென்ஸின் வாசகம் அதற்கு இடம் தருகிறது, மறைப்பானேன்! படம் ஏறாவிட்டால் கூலி போவது யாருக்கு? யாருடைய கூலியை ஒரு புரோகிராம் தீர்மானிக்கிறதோ, அவர்களுக்கும், சர்வர் பகுதி உட்பட, மூலநிரல் தரவேண்டும் என்று உத்தரவில் எழுது என்கிறோம்.

"உங்களுக்குப் படித்தால் புரியுமா?" என்று சிரிக்கிறார்கள். மில் தொழிலாளி பாலன்ஸ் ஷீட்டைத் தானே படித்துவிட்டா போனஸ் கேட்டான்? சங்கம் ஆள் வைத்துப் படித்தது.